கோதுமை துளியும் சேராத உறைப்புக் கோழிப் பிரட்டல்: வேலை நாள் இரவுக்கு ஒரு வழிகாட்டி

மாலை ஆறு மணிக்கு மட்டக்களப்பின் கல்லடிப் பாலம் கடந்து வீட்டுக்கு வருகிறீர்கள். ஏழரைக்குள் சோறும் கறியும் ஆயத்தமாக வேண்டும். வீட்டில் ஒருவருக்குக் கோதுமை கூடாது என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். இப்படியான வீடுகளுக்காகவே இதை எழுதுகிறேன். எங்களுடையதும் அப்படியொரு வீடு. என் மகளுக்குப் பத்து வயதில் சீலியாக் நோய், அதாவது கோதுமையிலுள்ள பசைப் புரதத்தால் குடல் கெடும் நோய், இருப்பது உறுதியானது. முதல் மாதம் முழுவதும் எதைத் தொடுவது, எதை விடுவது என்று தெரியாமல் சோறும் பருப்பும் அவித்த முட்டையுமாகவே அவளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கோப்பையைப் பார்த்துவிட்டு, "அம்மா, கோழிக்கறி எனக்கு இனிமேல் இல்லையா?" என்று கேட்டாள்.

கோழிக்கறி அவளுக்கு எப்போதும் இருந்தது. எனக்குத்தான் அது புரியவில்லை. நம்மூர்க் கோழிப் பிரட்டலுக்குக் கோதுமை தேவையே இல்லை. கோழி, வெங்காயம், உள்ளி, இஞ்சி, கறித்தூள், தேங்காய்ப்பால், ரம்பை, கறிவேப்பிலை. எங்கள் அம்மம்மா காலத்திலிருந்து இவ்வளவுதான். இவற்றில் ஒன்றிலும் அந்தப் பசைப் புரதம் கிடையாது. ஆபத்து வருவது கடையில் வாங்கும் பைக்கற்றுகளிலிருந்தும், கறியோடு சேர்த்துச் சாப்பிடுபவற்றிலிருந்தும், கழுவாமல் மாறிப் போகும் அகப்பையிலிருந்தும்தான். ஆகவே சமையல் முறைக்கு முன் அவற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

எதை விலக்குகிறோம்

மாலையில் ரொட்டிக்கடை முன்னால் நின்று பார்த்திருப்பீர்கள். கடைக்காரர் எண்ணெய் தடவிய மா உருண்டையைக் கல்லில் தட்டி, வீசி, பின்னால் இருப்பது தெரியும் அளவுக்கு மெல்லிதாக இழுப்பார். அது கிழியாமல் இழுபட்டுக்கொண்டே போகும். அந்த இழுவையைக் கொடுப்பதுதான் குளூட்டன் என்ற புரதம். கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களிலும் அது இருக்கிறது. அரிசியில் இல்லை. அரிசி மா ரொட்டியை அப்படி வீச முடியாமல் உடைந்துபோவது அதனால்தான். குரக்கன், சோளம், உழுந்து, பயறு, மரவள்ளி ஆகியவற்றிலும் இல்லை.

சீலியாக் நோய் உள்ளவர் இதைச் சாப்பிட்டால், உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலின் உட்சுவரையே தாக்குகிறது. உணவை உறிஞ்சும் மெல்லிய விரல் போன்ற முளைகள் தேய்ந்து தட்டையாகின்றன. பிள்ளை சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாமல் போவதற்கு அதுவே காரணம். இதற்கு மருந்து, வாழ்நாள் முழுவதும் குளூட்டனை விலக்குவதுதான். கோதுமை ஒவ்வாமை என்பது வேறு நோய். அதற்கு வைத்தியரின் அறிவுரையும் வேறாக இருக்கும்.

புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: சந்தேகம் மட்டும் இருந்தால், இரத்தப் பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்தாதீர்கள். பரிசோதனை தேடுவது குளூட்டனுக்கு எதிராக உடல் எழுப்பும் காட்டிகளை, அதாவது எதிர்ப்புப் பொருட்களை. சாப்பாட்டிலிருந்து அதை எடுத்துவிட்டால் அந்தக் காட்டிகள் குறைந்து, நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும்.

நம் குசினியில் கோதுமை ஒளிந்திருக்கும் இடங்கள்

பாணும் பணிஸும் பராட்டாவும் கொத்துரொட்டியும் எல்லோருக்கும் தெரிந்தவை. தெரியாமல் உள்ளே வருபவைதான் பிள்ளையைப் படுக்க வைக்கும்.

முதலாவது சோயா சோஸ். பெயரில் சோயா மட்டும் இருந்தாலும், வழக்கமான சோயா சோஸ் கோதுமையையும் சேர்த்துப் புளிக்க வைத்தே தயாரிக்கப்படுகிறது. மகளின் பிறந்த நாளுக்கு நானே என் கையால் கோழி டெவல் செய்து, கோதுமை மாவுக்குப் பதிலாகச் சோள மா போட்டேன் என்ற நிம்மதியில் சோயா சோஸை ஊற்றினேன். அன்று இரவு முழுவதும் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். போத்தலின் பின்புறம் சின்ன எழுத்தில் கோதுமை என்று இருந்ததை அடுத்த நாள் காலையில்தான் வாசித்தேன். அன்றிலிருந்து எதையும் திறப்பதற்கு முன் திருப்பிப் பார்க்காமல் விடுவதில்லை.

அடுத்தது பெருங்காயத் தூள். தூளாக வரும் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மா கலந்திருக்கும். கோழிச் சுவைக் கட்டிகள், பொரித்த கோழிக்கான கலவைத் தூள்கள், சோயாமீற் பைக்கற்றோடு வரும் மசாலா, சொசேஜ் ஆகிய ஒவ்வொன்றின் பொருள் பட்டியலையும் வாசிக்க வேண்டும். 'மோல்ட்' என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் பார்லியிலிருந்து வருவது. மோல்ட் பானங்களையும் விலக்குங்கள். ஆனால் தேங்காய்ப்பால் மாப் பைக்கற்றில் 'மோல்டோடெக்ஸ்ட்ரின்' என்று இருந்தால் பயப்பட வேண்டாம். பெயர் ஒலிப்பதில்தான் ஒற்றுமை, அது மாச்சத்திலிருந்து எடுப்பது, பார்லி மோல்ட் அன்று.

சிறுநீர் எரிகிறது என்றால் உறவினர் அன்போடு பார்லித் தண்ணீர் காய்ச்சிக்கொண்டு வருவார்கள். மாமியோ பெரியம்மாவோ கொண்டு வந்த அன்பை மறுப்பது கஷ்டம். அதற்காகவே, பார்லியும் கூடாது என்பதைச் சொந்தக்காரர் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இனி மிக முக்கியமானது. நம் பக்கம் புட்டும் இடியப்பமும் தோசையும் அரிசியில் மட்டும் செய்யப்படுவதில்லை. அவித்த கோதுமை மாவில் புட்டு அவிப்பதும் இடியப்பம் பிழிவதும், தோசை மாவில் கோதுமை மா கலப்பதும் வழக்கம். குரக்கன் ரொட்டியிலும் மா சேர்ந்து பிடிப்பதற்குக் கோதுமை மா சேர்ப்பார்கள். கடையில் வாங்கும் இடியப்பம் வெள்ளையாக இருந்தால் அரிசி என்று எண்ணிவிடாதீர்கள், கேட்டால்தான் தெரியும். கேட்டாலும் கடைக்காரருக்கே சில நேரம் உறுதியாகத் தெரிவதில்லை. எங்கள் வீட்டில் இவற்றைக் கடையில் வாங்குவதை அடியோடு விட்டுவிட்டோம்.

கறித்தூள்: ஞாயிற்றுக்கிழமை வேலை

வேலை நாளில் விரைவாகச் சமைப்பதன் பாதி, ஞாயிற்றுக்கிழமை வறுக்கும் தூளில் இருக்கிறது. மல்லியையும் மிளகாயையும் வறுத்து மில்லுக்குக் கொண்டுபோய்த் திரித்து வருவதுதான் நமக்குப் பழக்கம். நானும் அப்படித்தான் செய்தேன். ஒரு நாள் என் முறைக்காகக் காத்திருந்தபோது, எனக்கு முன்னால் நின்ற பெண் சத்துமாவுக்கு வறுத்த தானியங்களைக் கொடுத்தார். பையில் கோதுமையும் இருந்தது. மில்காரர் இயந்திரத்தைத் துடைப்பதற்குள் என் மிளகாயை வாங்கக் கையை நீட்டினார். "அண்ணே, நாளைக்கு வருகிறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். அதன் பிறகு வீட்டு மிக்ஸியிலேயே அரைக்கிறேன். கொஞ்சம் கொறகொறவென்று இருக்கும்; பிரட்டலுக்கு அதுவே நல்லது.

வாரம் ஒரு கறி என்ற கணக்கில் பல வாரத்துக்கு: கொத்தமல்லி 100 கிராம், செத்தல் மிளகாய் 75 கிராம், பெருஞ்சீரகம் 25 கிராம், நற்சீரகம் 25 கிராம், மிளகு 20 கிராம், வெந்தயம் ஒரு தேக்கரண்டி, பச்சை அரிசி ஒரு மேசைக்கரண்டி, கறிவேப்பிலை இரண்டு கொத்து, ரம்பை ஒரு சாண். எங்கள் ஊரில் பலர் மிளகாயைக் கொச்சிக்காய் என்போம். பெயர் எதுவானாலும் உறைப்பு ஒன்றுதான்.

ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும், ஏனென்றால் எல்லாம் ஒரே நேரத்தில் சிவப்பதில்லை. தாச்சியை மிதமான தீயில் வைத்து மல்லியை முதலில் போடுங்கள். கையை எடுக்காமல் கிளறினால் ஆறேழு நிமிடத்தில் மணம் மாறும். பச்சைப் புல் மணம் போய், கடலை வறுக்கும் மணம் வரும். நிறம் மண்சட்டி நிறத்துக்கு வந்தவுடன் இறக்குங்கள். அரிசி பொரிந்து வெடிக்கும் வரை. பெருஞ்சீரகமும் நற்சீரகமும் சேர்ந்து இரண்டு நிமிடம், மிளகு ஒரு நிமிடம். வெந்தயம் அரை நிமிடம் போதும்; கருகினால் கறி முழுவதும் கசக்கும், பிறகு அதைத் திருத்த வழி இல்லை. இலைகளைக் கையில் நொறுங்கும் வரை வறுங்கள். மிளகாயைக் கடைசியாக, இரண்டு சொட்டு எண்ணெயோடு, யன்னலைத் திறந்து வைத்து வறுங்கள். அது கமறும்போது வீட்டில் எல்லோரும் தும்முவார்கள்.

முழுவதும் ஆறிய பிறகே அரைக்க வேண்டும். சூட்டோடு அரைத்தால் ஆவி அடைந்து கட்டிபிடிக்கும். அந்த ஒரு கரண்டி அரிசி எதற்கென்றால், குழம்பு தடிக்கத்தான். கடைகளில் சிலர் கோதுமை மா கரைத்து ஊற்றித் தடிப்பாக்குவதை இந்த வறுத்த அரிசி செய்துவிடுகிறது. ஈரமில்லாத போத்தலில் இறுக மூடி, பெயர் எழுதி, கோதுமை மா வைக்கும் தட்டுக்கு மேல் தட்டில் வையுங்கள். கீழே வைத்தால் மேலிருந்து மா கொட்டும்.

கோழி

ஏறாவூரிலோ காத்தான்குடியிலோ கல்முனையிலோ, வரும் வழியில் எங்கே வாங்கினாலும் கறிக்குச் சின்னத் துண்டாக வெட்டித் தரச் சொல்லுங்கள். நான்கு பேருக்கு 750 கிராம். தோலில்லாமல், எலும்போடு, தொடைப் பகுதி கூடுதலாக. நெஞ்சுப் பகுதி மட்டும் என்றால் விரைவில் வேகும், ஆனால் நார்நாராகக் காய்ந்துவிடும். ஊர்க்கோழியின் சுவைக்கு ஈடில்லை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனாலும் அது ஒரு மணி நேரமாவது வேக வேண்டும். அதை விடுமுறை நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

குழாய்க்கு அடியில் பிடித்துக் கழுவினால் கிருமி தெறித்துப் பக்கத்துப் பாத்திரங்களில் படும். கழுவியே ஆக வேண்டும் என்றால் ஒரு சட்டித் தண்ணீரில் மெதுவாக அலசி, தண்ணீரைத் தாழ்வாகச் சாய்த்து ஊற்றுங்கள். பிறகு நன்றாக வடியவிடுங்கள். ஈரக் கோழி சட்டியில் வதங்காமல் அவிந்துபோகும்.

அடுப்படியில் நாற்பது நிமிடம்

முதலில் அரிசியைப் போட்டுவிடுங்கள். கறி முடிவதற்குள் சோறு வெந்துவிடும். பெரும்போக அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் வரும் புது அரிசியாக இருந்தால் தண்ணீரைக் கொஞ்சம் குறையுங்கள், இல்லாவிட்டால் குழைந்துவிடும். சோறு ஒட்டிக்கொள்வதைப் பார்த்துக் குளூட்டன் என்று பயந்த ஒரு தாயைச் சந்தித்திருக்கிறேன். அது அரிசியின் மாச்சத்து. பிள்ளைக்கு ஒன்றும் செய்யாது.

கோழியில் அரைத் தேக்கரண்டி மஞ்சள், ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, மூன்று மேசைக்கரண்டி கறித்தூள், அரைத் தேசிக்காய்ப் புளி ஆகியவற்றைப் பிசறி வையுங்கள். அது ஊறும் பத்து நிமிடத்தில் மற்றவற்றைச் செய்யலாம். அரை மூடித் தேங்காயைத் துருவி, அரைக் கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீரில் பிழிந்து முதற்பாலைத் தனியே எடுங்கள். அதே பூவில் ஒரு கோப்பை தண்ணீர் விட்டுக் கப்பிப் பால் எடுங்கள். பம்பாய் வெங்காயம் இரண்டு, பச்சை மிளகாய் மூன்று, தக்காளி ஒன்று வெட்டுங்கள். உள்ளி எட்டுப் பல்லையும் ஓர் அங்குல இஞ்சியையும் இடித்துக்கொள்ளுங்கள்.

பிரட்டலுக்கு மண்சட்டி நல்லது. ஆனால் முன்பு கோதுமை மாக் கூழோ கறியோ காய்ச்சிய பழைய மண்சட்டி வேண்டாம். மண் உறிஞ்சும், கழுவினாலும் முழுதாகப் போகாது. புதுச் சட்டி ஒன்று வாங்கி இதற்கென்றே ஒதுக்குங்கள். மர அகப்பைக்கும் இதே கதைதான். வேறு வழியில்லையென்றால் நன்றாகத் தேய்த்துக் கழுவிய அலுமினியத் தாச்சியும் இரும்புக் கரண்டியும் போதும்.

மூன்று மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் காய்ந்ததும், ஒரு துண்டுக் கறுவா, மூன்று ஏலம், மூன்று கராம்பு, ரம்பை, கறிவேப்பிலை. இலை பொரியும் சத்தம் அடங்கியவுடன் வெங்காயம். வெங்காயத்துக்கு ஏழு நிமிடம் கொடுங்கள். புதிதாகச் சமைக்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். கண்ணாடி போலாகி, ஓரம் சிவந்து, எண்ணெயோடு சேர்ந்து மினுங்க வேண்டும். குழம்பின் தடிப்பில் பெரும்பகுதி இந்த வெங்காயத்திலிருந்துதான் வருகிறது. அது பச்சையாக இருந்தால் கறி தண்ணீராகத்தான் நிற்கும், அப்போதுதான் கை மாப் பைக்கற்றைத் தேடும்.

இடித்த இஞ்சி உள்ளியும் பச்சை மிளகாயும் ஒரு நிமிடம். பிறகு கோழி. தீயைக் கூட்டி, ஐந்து நிமிடம் புரட்டுங்கள். தூள் சட்டியின் அடியில் பிடிக்கத் தொடங்கும்; அது கருகும் முன் தக்காளியைப் போட்டுச் சுரண்டினால் பிடித்தது எல்லாம் கரைந்து கறியோடு சேரும். கப்பிப் பாலை ஊற்றுங்கள். கொதித்ததும் மூடி, மெல்லிய தீயில் பதினைந்து நிமிடம்.

மூடியைத் திறந்ததும் தண்ணீராகத் தெரியும். கவலைப்பட வேண்டாம். மூடாமல் நடுத்தரத் தீயில் எட்டு நிமிடம் வற்றவிடுங்கள், இடையிடையே பிரட்டுங்கள். எண்ணெய் ஓரத்தில் பிரிந்து, குழம்பு துண்டுகளில் ஒட்டும். அப்போது முதற்பால், ஒரு தேக்கரண்டி இடித்த மிளகு. பால் விட்ட பின் பலமாகக் கொதிக்கவிட்டால் திரையும். சட்டியை மூடாமல் மெல்லிய தீயில் இரண்டு மூன்று நிமிடம் கலக்கி, இறக்கி வையுங்கள்.

வெந்ததா என்று பார்க்க, பெரிய துண்டொன்றை எலும்போரம் பிளந்து பாருங்கள். சாறு தெளிவாக வர வேண்டும், சதை எலும்பைவிட்டு இலகுவாக விலக வேண்டும். வெப்பமானி இருந்தால் உட்பகுதி 74 பாகை செல்சியஸ். இறைச்சிக் கோழிகளுக்கு வயது குறைவு. வெந்த பிறகும் எலும்பை ஒட்டிச் செந்நிறம் தெரியலாம். நிறத்தை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள்.

உறைப்பு

இந்த அளவு எங்கள் வீட்டுக்குச் சரியானது. சின்னப் பிள்ளைகள் இருந்தால் பச்சை மிளகாயைக் கீறாமல் முழுதாகப் போட்டு, தூளை இரண்டு மேசைக்கரண்டியாக்குங்கள். பெரியவர்களுக்கு உறைப்புக் காணாது என்றால், செத்தல் மிளகாயை நொறுக்கி எண்ணெயில் பொரித்து அவரவர் கோப்பையில் போட்டுக்கொள்ளலாம். வாய் எரிந்தால் தண்ணீர் உதவாது, ஏனென்றால் மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது. நம்மூர் எருமைத் தயிர் ஒரு கரண்டி போதும், உடனே ஆறும். சட்டியில் உறைந்த கெட்டித் தயிரில் உப்பும் வெட்டிய சின்ன வெங்காயமும் கலந்து வைத்தால் தனிக் கறியே வேண்டாம்.

பக்கத்துக்கு முருங்கை இலைச் சுண்டல் பத்து நிமிட வேலை. புட்டு வேண்டுமென்றால் வீட்டில் அரிசியை ஊறவைத்து இடித்து வறுத்த மாவில் அவியுங்கள். கடையில் நிறுத்து விற்கும் அரிசி மாவை நான் வாங்குவதில்லை. பக்கத்துச் சாக்கில் கோதுமை மா, இரண்டுக்கும் ஒரே அள்ளுகரண்டி. இடியப்ப உரலும் நீத்துப்பெட்டியும் மா அரிக்கும் அரிதட்டும் தனியாக வேண்டும். அரிதட்டின் கண்களுக்குள் சிக்கிய மாவைக் கழுவி எடுக்கவே முடியாது.

மிச்சக் கறியை ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் நன்றாகக் கொதிக்கச் சூடாக்குங்கள். இரண்டாம் நாள் தூள் ஊறி இன்னும் உறைப்பாக இருக்கும். மகள் பாடசாலைக்குக் கட்டிக்கொண்டு போவது அதைத்தான்.

பரிமாறும்போது

வீட்டில் எல்லோரும் சோறு சாப்பிடுவதில்லை. எங்கள் மூத்தவருக்கு இரவில் பாண்தான் வேண்டும். பாண் பிடித்த கையோடு கரண்டியை எடுப்பார், கரண்டி சட்டிக்குள் போகும், துகளும் கூடவே போகும். குளூட்டன் அற்றது என்று உணவொன்றுக்குப் பெயரிட உலக உணவுத் தரம் அனுமதிப்பது ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் மட்டுமே. ஒரு பாண் துகள் எவ்வளவு பெரிய விஷயம் என்பது அதிலிருந்து விளங்கும். அதனால் அடுப்பிலிருந்து சட்டியை இறக்கியதும், மூடி போட்ட நீலக் கிண்ணமொன்றில் மகளுடைய பங்கை முதலில் எடுத்துவிடுகிறேன். மறுநாள் பாடசாலைக்கான துண்டுகளும் அதற்குள்ளேயே. பிறகுதான் சட்டி மேசைக்குப் போகும், பாணும் வெட்டப்படும்.